குதிரை மருத்துவமனையா, மருத்துவரின் வண்டியா, பண்ணையா? பெரிய விலங்கு உதவியாளர் எங்கே தொடங்கலாம்

பெரிய விலங்குகளோடு வேலை செய்யலாம் என்று நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது "குதிரையா, மாடா?" என்பதைத்தான். அந்தக் கேள்வி இரண்டாவதாக வந்தால் போதும். முதலில் யோசிக்க வேண்டியது வேறு. ஒரே விலங்கின் பக்கத்தில் ராத்திரி முழுக்க இருக்கப் பிடிக்குமா? ஒரே நாளில் ஏழெட்டு இடம் போய், முன்பின் பார்த்திராத விலங்குகளைப் பிடித்துக்கொடுக்கப் பிடிக்குமா? இல்லை, ஒரே மந்தையை மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்குமா? கால்நடை மருத்துவ உதவியாளருக்கு முன்னால் இருக்கும் மூன்று பாதைகள் இவைதான்: குதிரை மருத்துவமனை, மருத்துவரோடு வண்டியில் ஊர் சுற்றும் வேலை, பண்ணை. மூன்றிலும் வேலை பார்த்திருக்கிறேன். எனக்கு ஒரு பக்கம் சாய்வு உண்டு. அது எங்கே, ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கே போனாலும் நோயைத் தீர்மானிப்பதும், மருந்து எழுதுவதும், கத்தி வைப்பதும் மருத்துவரின் வேலை. உதவியாளர் பிடிக்கிறார், அளக்கிறார், எழுதி வைக்கிறார், கழுவுகிறார், எடுத்துத் தருகிறார். கேட்பதற்குச் சின்ன வேலைகளாகத் தெரியும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு திறமைதான் இருக்கிறது: நேற்று இருந்ததற்கும் இன்று இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது. ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறை துடிக்கும். மாட்டுக்கு 60, 70, 80 எல்லாம் சாதாரணம். ஆக, ஸ்டெதஸ்கோப்பில் 70 என்று எண்ணினால், மாடாக இருந்தால் குறித்துவிட்டு அடுத்த மாட்டுக்குப் போகலாம். குதிரையாக இருந்தால் மருத்துவரை உடனே கூப்பிட வேண்டும். இந்த எண்களை ஒரு மத்தியானத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். அந்த விலங்குக்கு, அந்த நேரத்துக்கு அந்த எண் சரியா என்று உறுத்துகிற புத்திதான் மெல்ல மெல்ல வருவது. மூன்று பாதைகளில் எது அந்தப் புத்தியை நன்றாக வளர்க்கும் என்பதை வைத்துத்தான் நான் இவற்றை எடைபோடுகிறேன்.

முதலில் மருத்துவமனை. அங்கே வந்து சேரும் குதிரைகளில் நிறைய கோலிக் எனப்படும் வயிற்றுவலியோடு வருபவை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அவ்வளவு பெரிய உடம்புக்கு அதன் இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். குடலில் எங்காவது அடைத்துக்கொண்டால் திரவம் பின்னோக்கி வந்து இரைப்பையில் தேங்கும். வெளியேற வழி இல்லாவிட்டால் இரைப்பை கிழிந்துபோகும். அதனால்தான் மருத்துவர் மூக்கு வழியாகக் குழாயை இறக்கி, தேங்கியதை வெளியே எடுக்கிறார். அந்த நேரத்தில் தலையைப் பிடிப்பதும், வாளியைப் பிடிப்பதும், எவ்வளவு வந்தது, என்ன நிறம், என்ன வாடை என்று எழுதுவதும் உதவியாளர்.

மூன்றாவது ராத்திரி என்று ஒன்று உண்டு. குடல் அறுவை முடிந்து, முதல் இரண்டு ராத்திரி எல்லோரும் சுற்றி நின்று, மூன்றாவது ராத்திரி கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். அப்படி ஒரு ராத்திரியில் ஒரு பெண் குதிரைக்கு நான் காவல். பத்து மணிக்குத் துடிப்பு 44. பன்னிரண்டு மணிக்கு 48. இரண்டு மணிக்கு 52. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது, அறுவை முடிந்த குதிரைக்கு 52 ஒரு பெரிய விஷயமே இல்லை. ஆனால் தாளில் வரிசையாக எழுதியிருந்ததால் அது ஏறிக்கொண்டே போவது கண்ணில் பட்டது. லாயத்துக்குள் போனேன். தலையைத் தொங்கப்போட்டுச் சுவரைப் பார்த்து நின்றது. வைத்த கைப்பிடிப் புல் வைத்தபடியே இருந்தது. காது நுனி சில்லென்று இருந்தது. வலது விலாவில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், பன்னிரண்டு மணிக்குக் கேட்ட குடுகுடு சத்தம் இல்லை. மருத்துவரை எழுப்பினேன். குழாயை இறக்கியதும் ஒரு வாளி நிரம்பி, இரண்டாவது வாளியும் பாதிக்கு வந்தது. அந்தக் குதிரை பிழைத்து வீட்டுக்குப் போனது. அந்த ராத்திரி ஒரே விலங்கோடு நான்கு மணி நேரம் இருந்திருக்காவிட்டால் 52 என்ற எண் எனக்கு எதையும் சொல்லியிருக்காது.

மருத்துவமனையின் பலம் இதுதான். டிரிப் ஏறும் 500 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 லிட்டர் திரவம் தேவை. 5 லிட்டர் பைகளை உயரத்தில் மாட்டுவது, கழுத்து ரத்தக்குழாயில் செருகியிருக்கும் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை மணிக்கணக்கில் பார்ப்பது, அந்த இடம் தடித்திருக்கிறதா, சுடுகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது, குளம்புக்கு மேலே நாடி பலமாக அடிக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது என்று ஒரு வருஷத்தில் கை பழகும் அளவுக்கு வேறு எங்கும் பழகாது. தப்பு செய்தால் திருத்த ஆள் பக்கத்திலேயே இருக்கும்.

விலையும் உண்டு. அறுவைக்குப் பிறகு குதிரை மயக்கம் தெளிந்து எழும் நேரம் இந்தத் தொழிலிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வைக்கும் நேரம். மெத்தை பதித்த அறைக்குள் அரை டன் எடையுள்ள உடம்பு தள்ளாடி எழுகிறது. நாம் வெளியே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறோம். 40,000-க்கும் அதிகமான குதிரைகளைத் தொடர்ந்து கவனித்து 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், கோலிக் அல்லாத காரணங்களுக்காக மயக்கம் கொடுத்தவற்றிலேயே 100-க்கு ஏறக்குறைய ஒன்று இறந்திருந்தது. அதில் எழும்போது கால் முறிந்து இறந்தவையும் கணிசம். அதனால் மருத்துவமனையில் வேலை பார்ப்பவர் சாவைப் பார்ப்பார். மூன்று ராத்திரி கூடவே இருந்து பார்த்துக்கொண்ட குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டி வரும்போது தலைக்கயிற்றைப் பிடித்திருப்பதும் உதவியாளர்தான். தூக்கம் கெடும், முதுகு வலிக்கும். சால்மோனெல்லா என்ற தொற்றுக் கிருமி இருக்கலாம் என்ற சந்தேகத்தில் தனிமைப்படுத்திய லாயத்துக்குள் ஒரு ஷிப்டில் பதினைந்து முறை உடுப்பு மாற்றிப் போய் வர வேண்டியிருக்கும். இதையெல்லாம் தாங்க முடியாதவர் பலவீனமானவர் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு வேறு இடம் பொருந்தும், அவ்வளவுதான்.

இப்போது வண்டி. மருத்துவரோடு காலையில் கிளம்பினால் ஒரு இடத்தில் குதிரைக்குப் பல் ராவுவது, அடுத்த இடத்தில் நொண்டும் காலுக்கு எக்ஸ்ரே, அதற்கடுத்த இடத்தில் கன்று போட முடியாமல் திணறும் மாடு. எந்த டிராயரில் என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தர வேண்டும். மருத்துவரின் கை மாட்டுக்குள் தோள்வரை போயிருக்கும்போது கன்றின் காலில் மாட்டும் சங்கிலியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இந்த வேலையின் மையம் பிடிப்பது. மருத்துவமனையில் பெரும்பாலும் அசையாமல் நிறுத்துவதற்கான கம்பிச் சட்டகத்துக்குள் விலங்கு நிற்கும். இங்கே ஒரு மரம், ஒரு கயிறு, நீங்கள். குதிரை பின்னோக்கி உதைக்கும். மாடு காலை முன்னே கொண்டுவந்து பக்கவாட்டில் வீசும். அதனால் மாட்டின் விலாவுக்குப் பக்கத்தில் நிற்பது பத்திரம் என்று குதிரையில் பழகியவர் நினைத்தால் முழங்காலில் வாங்குவார். மருத்துவர் எந்தப் பக்கம் நிற்கிறாரோ அதே பக்கம்தான் தலையைப் பிடிப்பவரும் நிற்க வேண்டும். அப்போதுதான் குதிரை திமிறினால் தலையைத் தன் பக்கம் இழுக்கலாம், பின்பக்கம் மருத்துவரை விட்டு விலகிப் போகும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. மயக்கத்தில் தலை தொங்கும் குதிரையும் உதைக்கும், அதுவும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் உதைக்கும்.

குதிரை, மாடு இரண்டையும் பார்க்கும் வண்டியில் இன்னொரு பொறி உண்டு. சைலசின் என்ற அமைதி மருந்துக்கு மாடு குதிரையைவிடப் பத்து மடங்கு அளவுக்கு எளிதில் மயங்கும். ஒரே பாட்டில், காலையில் குதிரைக்கு, மத்தியானம் மாட்டுக்கு. ஊசியில் ஏற்றித் தரச் சொன்னால், எந்த விலங்குக்கு எத்தனை மில்லி என்று வாய்விட்டுத் திருப்பிச் சொல்லும் பழக்கம் கட்டாயம் வேண்டும். களைத்துப்போன சாயங்காலத்தில்தான் இது தப்பும்.

வண்டி தருகிற சந்தோஷத்தை மருத்துவமனை தராது. கன்று போட்ட மறுநாள் மாடு எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறது. கழுத்தை மடக்கி விலாவில் சாய்த்திருக்கிறது, காது ஜில்லென்று இருக்கிறது. பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பு சூடே இருக்காது. திடீரென்று பால் சுரக்கத் தொடங்கியதில் ரத்தத்தில் கால்சியம் இறங்கிப்போயிருக்கிறது. கால்சியம் பாட்டிலை வெந்நீர் வாளியில் உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, மருத்துவர் ஊசியைக் குத்தியதும் பாட்டிலைத் தூக்கிப் பிடிப்பது உதவியாளர். வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும். அதனால் மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலேயே கையால் சைகை காட்டுவார்: இறக்கு, இறக்கு, சரி, கொஞ்சம் ஏற்று. பாட்டிலின் உயரம்தான் வேகம். என் கைதான் அதற்குத் திருகு. பத்து நிமிஷத்தில் மாட்டின் தொடைத் தசை நடுங்கும். ஏப்பம் விடும். மூக்கு நுனியில் வியர்வை மணிமணியாக முத்தும். சாணம் போடும். அப்புறம் பின்பக்கத்தைத் தூக்கி, முன்பக்கத்தைத் தூக்கி, எதுவுமே நடக்காத மாதிரி எழுந்து நின்று கன்றைத் தேடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

ஆனால் அரை மணி நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். அந்த மாடு ராத்திரி மறுபடி படுத்துவிட்டதா என்பது மறுநாள் போன் வந்தால்தான் தெரியும். ஒரு விலங்கின் நேற்றை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், நாளையும் தெரியாது. உரிமையாளர் சொல்வதை வைத்துத்தான் நேற்றைக் கட்டியெழுப்ப வேண்டும். அதனால் மனிதர்களோடு பேசத் தெரிந்தவர் வண்டியில் சீக்கிரம் மிளிர்வார். "எப்போதிலிருந்து சாப்பிடவில்லை?" என்று கேட்டால் வரும் பதிலும், "கடைசியாக ஆசையாகச் சாப்பிட்டதை எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்டால் வரும் பதிலும் வேறு வேறு. இந்த வித்தியாசத்தை ரசிக்கிறவருக்கு, இரவுக் காவல் அறை சிறைபோலத் தோன்றலாம்.

பண்ணையில் இரண்டு வகை. குதிரை வளர்ப்புப் பண்ணை ஒரு பருவத்தில் உயிரை வாங்கும், மற்ற மாதங்களில் கொஞ்சம் மூச்சு விடலாம். பெண் குதிரையின் சினைக்காலம் ஏறக்குறைய 340 நாள், ஆனால் அது நாட்காட்டி பார்த்து நடப்பதில்லை. பெரும்பாலும் ராத்திரியில்தான் ஈனும். பனிக்குடம் உடைந்த பிறகு அரை மணி நேரத்துக்குள் குட்டி வெளியே வந்துவிடும். குட்டி ஒரு மணி நேரத்தில் எழ வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் தாயின் நஞ்சுக்கொடி விழ வேண்டும். மூன்று மணி தாண்டினால் குதிரைக்கு அவசரநிலை. மாட்டுக்கோ 24 மணி நேரம் வரை பொறுத்துப் பார்ப்பார்கள். குட்டியின் ரத்தத்தில் பிறக்கும்போது நோயை எதிர்க்கும் சக்தி கிட்டத்தட்ட இல்லை, சீம்பாலில்தான் வருகிறது. அதை உறிஞ்சும் வாசலும் ஏறக்குறைய ஒரு நாளில் மூடிக்கொள்ளும். கடிகாரத்தையும் குட்டியையும் மாறி மாறிப் பார்க்கிற அந்த வேலை நுணுக்கமானது. ஆனால் எல்லைக்குட்பட்டது. பிறப்பைப் பற்றி நிறையக் கற்றுக்கொள்வீர்கள், மற்றதைப் பற்றிக் குறைவாக.

பெரிய பால்பண்ணையில் மருத்துவ உதவியாளராக இருப்பதைப் பலர் கீழாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஆரோக்கியமான விலங்கு எப்படி இருக்கும் என்பதை அங்கேதான் கற்றுக்கொள்ள முடியும். கன்று போட்ட மாடுகளின் வெப்பநிலையைக் காலையில் வரிசையாக எடுத்துக்கொண்டு போனால், 38.5, 38.7, 38.6 என்று கை பழகியிருக்கும்போது 39.8 வந்தால் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அந்த மாட்டின் கண்ணைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருப்பீர்கள். மருத்துவமனைக்கு வருவது எல்லாமே நோயாளி. அங்கேயே தொடங்கியவருக்கு இயல்பு எது என்பது தாளில் எழுதிய எண்ணாக மட்டுமே தெரியும். மாடுகளும் கும்பலாக இருப்பதால் தொடக்கக்காரரின் தடுமாற்றத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். குதிரை பொறுக்காது, பயந்ததும் ஓடும் விலங்கு அது. நாம் பயந்தால் அதுவும் பயப்படும்.

இரண்டும் ஒன்றாக வளரும் பண்ணையாக இருந்தால் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் மோனென்சின் என்ற மருந்து குதிரையின் இதயத் தசையைக் கெடுத்துக் கொன்றுவிடும். மாட்டுக்கு நன்மை செய்கிற அளவே குதிரைக்கு விஷமாகலாம். மூட்டை மாறிப்போவது உதவியாளரின் கையில் நடக்கிற தப்பு.

உடம்புக்கு வரும் ஆபத்தையும் ஒப்பிட்டாக வேண்டும். உதையும் நசுக்கலும் எங்கும் உண்டு, வண்டி வேலையில் அதிகம். நோய்த்தொற்று மாட்டுப் பக்கம் அதிகம். கருச்சிதைவான மாட்டின் நஞ்சுக்கொடியைக் கையுறை இல்லாமல் தொடுவதால் புரூசெல்லோசிஸ், கியூ காய்ச்சல் வரலாம். கழிச்சல் எடுக்கும் கன்றிடமிருந்து வயிற்றுப்போக்கு நமக்கும் தொற்றும். மாட்டின் சினைப்பருவத்தைச் சீராக்கப் போடும் புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்து தோல் வழியாகவே உள்ளே போகும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அதைத் தொடவே கூடாது. மாட்டுக்குப் போடும் டில்மிகோசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி தவறி மனிதர் மேல் குத்தினால் உயிரே போகலாம். திமிறும் மாட்டின் பக்கத்தில் மூடி திறந்த ஊசியோடு நிற்பது சாதாரணக் காட்சி என்பதால் இதைச் சொல்கிறேன். குதிரைப் பக்கம் எக்ஸ்ரே. மருத்துவமனையில் தகட்டைப் பிடிக்கத் தாங்கி இருக்கும், வெளியிடத்தில் அவசரத்தில் "கையாலேயே பிடி" என்பார்கள். நீளமான பிடி, ஈய உடுப்பு, கழுத்துக் காப்பு, கதிர்வீச்சை அளக்கும் பட்டை இல்லாமல் பிடிக்காதீர்கள். மறுப்பதற்குத் தயங்கவும் வேண்டாம்.

நேரம், சம்பளம் பற்றிச் சுருக்கமாக. மருத்துவமனையில் ஷிப்ட் உண்டு, ஆனால் அதில் பாதி இரவு. வண்டியில் எத்தனை மணிக்கு வீடு திரும்புவோம் என்பது யாருக்கும் தெரியாது. பண்ணையில் விடிகாலை தவறாது, மற்றபடி நாள் ஓரளவு கணக்கில் நிற்கும். வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவருக்கு இந்த ஒரு வரியே முடிவைச் சொல்லிவிடலாம். அதில் தப்பே இல்லை. சம்பளத்தில் இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, ஒரு முதலாளிக்கும் இன்னொரு முதலாளிக்கும் உள்ள வித்தியாசம்தான் பெரிது.

என் சாய்வு மருத்துவமனைப் பக்கம். ஆனால் நேராக அங்கே போகச் சொல்ல மாட்டேன். பெரிய விலங்கைத் தொட்டே பழக்கம் இல்லாதவர் ஒரு வருஷம் பண்ணையில் இருக்கட்டும். முடிந்தால் மாட்டுப் பண்ணை. அப்புறம் குதிரை மருத்துவமனையில் இரண்டு வருஷம், இரவு ஷிப்டைத் தவிர்க்காமல். வண்டி கடைசியில். வண்டியில் மருத்துவருக்கு நீங்கள் ஒருவர்தான் துணை. அவர் குனிந்திருக்கும்போது விலங்கின் முகத்தைப் பார்ப்பது உங்கள் கண் மட்டும்தான். அந்தக் கண் ஏற்கெனவே பழகியிருக்க வேண்டும். குதிரையோடு வளர்ந்தவர் பண்ணையைத் தாண்டி நேராக மருத்துவமனைக்குப் போகலாம். ஆனால் குதிரையில் சவாரி செய்யத் தெரிவதும், வலியில் இருக்கும் குதிரையைக் கையாளத் தெரிவதும் ஒன்றல்ல என்பது அவருக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். 1761-ல் பிரான்சின் லியோன் நகரில் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியைத் தொடங்கிய குளோட் பூர்ஜலாவே குதிரையேற்றம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவர். சவாரியில் தேர்ந்த அவரே, விலங்கின் உடம்பைத் தனியாகப் படித்தாக வேண்டும் என்று பள்ளி வைத்தார்.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் சேருவதற்கு முன் ஒரு முழு நாள், மருத்துவமனையாக இருந்தால் ஒரு முழு ராத்திரி, சும்மா கூட இருந்து பார்க்கக் கேளுங்கள். கதிர்வீச்சுப் பட்டை ஆணியில் தொங்குகிறதா, ஆட்கள் உடம்பில் இருக்கிறதா என்று பாருங்கள். கவனிப்புத் தாளில் எண்களை அந்தந்த நேரத்தில் எழுதியிருக்கிறார்களா, கடைசியில் ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் மொத்தமாக நிரப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்புறம் அங்கே இருக்கிற உதவியாளரிடம் ஒன்று கேளுங்கள்: "ராத்திரி மருத்துவரை எழுப்பி, கடைசியில் ஒன்றுமில்லை என்று ஆன அனுபவம் உண்டா? அவர் என்ன சொன்னார்?" திட்டு வாங்கினேன் என்று சொன்னால் அந்த இடத்துக்குப் போகாதீர்கள். "சரி, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எண்ணிச் சொல்லு என்று சொல்லிவிட்டுப் படுத்தார்" என்று சொன்னால், மறுநாளே சேர்ந்துவிடலாம்.